பெல்லமியின் பால்

லண்டன் ஆர்ச்வேயில், மேடேறும் தெருவொன்றில் நாலு மாடி உயரத்துக்கு நின்றது அந்த வீடு. நூற்றிருபது வருடங்களுக்கு முன் ஒரு தேயிலை வியாபாரி தன் குடும்பம் ஒன்றுக்காக மட்டும் கட்டியது. 1986இல் அதற்குள் பதினொரு குடித்தனம். அடித்தளத்தில் வேலைக்காரர் சமைத்த இடத்தில் வீட்டுக்காரரே இருந்தார். கட்டியவர் எழுந்து வந்திருந்தால் தன் வீட்டுக்குள்ளேயே வழி கேட்டிருப்பார்.

சிவனேஸ்வரிக்கும் யோகராஜாவுக்கும் வாய்த்தது முதலாம் மாடியிலிருந்த பெரிய வரவேற்பறையில் பாதி. நடுவே ஒரு பலகைச் சுவரை எழுப்பி வீட்டுக்காரர் ஒன்றை இரண்டாக்கியிருந்தார். அந்தச் சுவருக்கு ஈவிரக்கம் கிடையாது. சீலிங்கின் நடுவில் சுதையால் செய்த பெரிய பூ ஒன்று. ஒருகாலத்தில் அதிலிருந்துதான் கொத்துவிளக்குத் தொங்கியதாம். சுவர் அந்தப் பூவை வெட்டிக்கொண்டு போய், தெருப்பக்க ஜன்னலின் நடுவில் முட்டி நின்றது. மேலே தூக்கித் திறக்கும் அகன்ற ஜன்னல் அது. பாதி இவர்களுக்கு, பாதி அடுத்த அறைக்கு. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் சட்டம் கோணிக்கொண்டு அசையாது.

அடுத்த அறையில் மிஸ்டர் பெல்லமி. தபால் கந்தோரில் கடிதம் பிரித்து ஓய்வுபெற்ற தனிக்கட்டை. சுவரில் இரண்டு தட்டுத் தட்டினால் இரு பக்கமும் ஒன்றாகத் தூக்குவது என்ற ஒப்பந்தத்தை முதல் வாரமே கைச்சாடையால் சொல்லிக்கொடுத்துவிட்டார். சிவனேஸ்வரியிடம் இருந்த ஆங்கிலத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. இன்னொரு நாள் படிக்கட்டில் மறித்து, "என் பக்கம் பூவுக்கு ஒன்பது இலை. உங்கள் பக்கம்?" என்று கேட்டார். அவள் ஓடிப்போய் எண்ணிவிட்டு வந்து ஏழு என்றாள். பதினாறு என்று இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். காலையில் எல்லாக் கதவடியிலும் பால் போத்தல் இருக்கும். அவர் கதவடியில் மட்டும் இருக்காது. பால் விடாத வெறும் தேத்தண்ணிதான். பள்ளிக்கூடத்தில் பாலை வற்புறுத்திக் குடிக்க வைத்தார்களாம். அன்றிலிருந்து காய்ச்சிய பாலின் மணமே அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

வீட்டுக்காரர் பொல்லாதவர். மூன்றாம் மாடியில் இருந்த ஒரு புருசன் பெண்சாதியை, சட்டியைக் கருக்கியதற்காக ஒரே கிழமையில் வீட்டை விட்டே எழுப்பிவிட்டார். சிவனேஸ்வரிக்கு அப்போது ஆறு மாதம். தையின் குளிரில் வயிற்றோடு எந்தக் கதவைத் தட்டுவது என்று அவள் நினைக்காத நாளில்லை.

இருந்தாலும் பொங்கலை விட முடியுமா? யோகராஜா காலை ஷிப்டுக்குப் புறப்படும்போதே எச்சரித்தான்.

"இஞ்சை பொங்கி என்னத்தைக் காணப்போறீர்? சும்மா இரும்."

"பிள்ளை வரப்போற வருசம். ஒரு சின்னச் சட்டியிலை எண்டாலும் பொங்கத்தான் போறன்."

ஜன்னல் நல்லவேளையாகக் கிழக்குப் பார்த்திருந்தது. ஒற்றைக் காஸ் அடுப்பில் பாலை வைத்தாள். பால் நுரைத்து எழுந்தது. வேறு எந்தச் சாதிச் சனமாக இருந்தாலும் அந்த நேரம் அடுப்பைக் குறைத்திருக்கும். நம்மவர்களுக்குப் பால் வழிய வேண்டும்; வழிந்தால்தான் வருடம் நல்லது. அவள் கண்ணை மூடிக் கைகூப்பி, பிள்ளை சுகமாகப் பிறக்க வேண்டும் என்று நீண்ட நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பால் தாராளமாக வழிந்தது. அடுப்பு அணைந்தது. காஸ் மட்டும் அணையவில்லை.

கண்ணைத் திறந்தபோது தலை சுற்றியது. நெருப்பு நூர்ந்துபோச்சே என்ற ஒரே கவலையில் நெருப்புப்பெட்டியை எடுத்து, குச்சியையும் உருவிவிட்டாள்.

காஸ் மணமும் நெருப்புப்பெட்டிச் சத்தமும் அடுத்த அறைக்குப் போயிருக்க வேண்டும். பலகைச் சுவர் அதிர்ந்தது. "தீக்குச்சி வேண்டாம். காஸை மூடு. ஜன்னல், ஜன்னல்" என்று பெல்லமி கத்தினார். பிறகு இரண்டு தட்டு. அவள் குச்சியைப் போட்டுவிட்டு, காஸைத் திருகி மூடி, ஜன்னலைப் பிடித்தாள். இரண்டு பக்கமும் ஒன்றாகத் தூக்க, தைக்குளிர் முகத்தில் அறைந்தது. வாழ்க்கையில் அவள் அவ்வளவு சந்தோசமாகக் குளிரை வாங்கியதில்லை.

காஸ் மணம் படியிறங்கி வீட்டுக்காரரையும் எட்டிவிட்டது. அவர் ஏறி வரும் சத்தம் கேட்டது. சிவனேஸ்வரி கதவுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

"யார் செய்த வேலை?"

"என் வேலைதான்" என்றார் பெல்லமி, அவள் கதவுக்கு நேர்முன்னே நின்று. "பால் காய்ச்சினேன். பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. என் பால்."

வீட்டுக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். ஆனால் இருபத்தாறு வருடக் குடியிருப்பாளரைச் சட்டம் லேசில் எழுப்ப விடாது. அது இரண்டு பேருக்கும் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

பின்னேரம் யோகராஜா கேட்டுவிட்டு வாயைப் பிளந்தான். "அந்த மனுசன் பாலே தொடாத ஆளல்லோ."

"ஓம். அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு."

எங்கள் ஆட்களுக்கு நன்றியை வாயால் சொல்ல வராது, சாப்பாடாகத்தான் வரும். மிஞ்சிய பாலில் பொங்கி ஒரு கிண்ணம் கொண்டுபோனாள். அவர் மணந்து பார்த்து, முகம் வெளிறி, மிகுந்த மரியாதையோடு திருப்பித் தந்தார். அந்தக் கிண்ணத்தின் பாரம் அவள் மனதில் ஏழு வருடம் கிடந்தது.

1993இல் கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட் பகுதியில் சொந்த வீடு வாங்கினார்கள். கார்த்திகை மாதத்தில் பால் காய்ச்சினார்கள். எல்லா ஜன்னலும் திறந்திருக்க, யோகராஜா காஸ் திருகில் கைவைத்துக் காவல் நிற்க, வந்தவர்கள் கோட்டோடு நடுங்கினார்கள். பெல்லமி கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். ஆர்ச்வே வீடு விற்றுப்போய், இப்போது அவர் கவுன்சில் தந்த சின்ன வீட்டில் இருந்தார். வாங்கியவர்கள் பலகைச் சுவரை உடைத்தபோது போய்ப் பார்த்தாராம்.

"பதினேழு இலை" என்றார் சிவனேஸ்வரியிடம். "ஒன்று சுவருக்கு மேலே மறைந்திருந்திருக்கிறது."

அவருக்கென்று தனியாக ஊற்றிவைத்த வெறும் தேத்தண்ணியை அவள் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. ஏழு வயது மகள் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்த பால் தட்டைப் பார்த்தார்.

"மிஸ்டர் பெல்லமி, உங்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது" என்றாள், இப்போது நன்றாக வந்துவிட்ட ஆங்கிலத்தில்.

"என் பால் என்று ஒரு மனிதனிடம் சொல்லிவிட்டேன், சிவா. இன்னும் குடிக்கவில்லை."

ஒரு கோப்பையை எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.