மெழுகுதிரி ஏற்ற முடியாத படம்

1

இந்தக் கதை என் வாய்த்துடுக்கில் தொடங்கியது, ஒளிப்பானேன். 2009 கார்த்திகையில் ஒரு ஞாயிறு, மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில், யோசெப்பின் என்கிற அக்கா ஒருவரின் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தேன். சுவரில் பெரிய ஓவியம் ஒன்று. முழுக்கச் சாம்பல் நிறம், நடுவில் ஒரு மஞ்சள் கோடு.

"என்னக்கா, பெயின்ற் அடிச்சவன் பாதியில விட்டிட்டு ஓடிட்டானோ?"

அக்கா சிரிக்கவில்லை.*

2

முதல் தொடக்கம்: ‘ஆர்தர் வெல்பி 1921இல் இங்கிலாந்தில் பிறந்தார். போருக்குப் பின் வந்த அரூப ஓவியர்களில் அவர்…’

(நிறுத்திவிட்டேன். நீங்கள் கொட்டாவி விடுவது கேட்கிறது.)

தேவையானது இவ்வளவுதான். அந்தச் சுவர் ஓவியத்தை வரைந்த வெல்பி இரண்டாம் உலகப் போருக்குப் போனார். திரும்பி வந்தபின் முகம் வரையவேயில்லை. லண்டனில் சாம்பல் பட்டைகளாகவே வரைந்தார். பிறகு மொன்றியலுக்கு வந்து ஓவியம் படிப்பித்தார். கடைசி மூன்று வருடம் அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, தூரிகையும் கழுவிக் கொடுத்தவர் யோசெப்பின் அக்கா.

ஏன் முகம் வரையவில்லை? மூன்று காரணங்கள் எழுதி மூன்றையும் கிழித்தேன். எனக்குத் தெரியாது.

3

அக்காவின் ஒரே மகன் ஜெறோம். வன்னியிலிருந்து சித்திரையில் கடைசியாகப் போன் எடுத்தான். அவனுக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டு—

(இந்த வரியைப் பிறகு பார்ப்போம்.)

வைகாசியில் அங்கே போர் முடிந்தது; அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. ஆடியில் அக்காவின் மச்சாள் அக்னெஸ் அவன் படத்தைப் பெருப்பித்து, பிறேம் போட்டுக் கொண்டுவந்தார்.

"மாட்டி ஒரு மெழுகுதிரி ஏத்துங்கோ. பூசைக்கும் சொல்லுவம்."

எங்கள் வீடுகளில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அக்கா படத்தைத் துணியில் சுற்றி வெல்பியிடம் கொண்டுபோனார். உயிரோடு இருக்கிற மாதிரி வரைந்து தரச்சொல்லித் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார்.

வெல்பி ஒரு கிழமை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சுவரில் நான் கண்ட இதை வரைந்தார்.

"இதில என்ர பிள்ளை எங்கை?" அக்கா தமிழிலேயே கத்தி அழுதார்.

வெல்பி மன்னிப்புக் கேட்டார். புரட்டாதியில் அவர் போய்ச் சேர்ந்தார்.

4

"பேந்து ஏனக்கா இதைக் கொண்டுவந்து மாட்டினீங்கள்?"

"முகம் இருந்தால் வாற சனமெல்லாம் மெழுகுதிரி ஏத்தச் சொல்லும், தம்பி. இதுக்கு ஒருத்தரும் சொல்லேலாது."

5

நேற்று இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் ‘மறைந்த மகன்’ என்று எழுதியிருந்தேன். பேனையைப் பறித்து, தாள் கிழியும்படி வெட்டினார். வெட்கமாகப் போய்விட்டது எனக்கு.

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் போன் அடிக்கிறது. மற்றதில் ஒரு கடிதம் வருகிறது.

"போன் அடிச்சதெண்டும் எழுதாதை. அடிக்கேல்லையெண்டும் எழுதாதை."

"அப்ப கதையை எப்பிடியக்கா முடிக்கிறது?"

"நான் முடிச்சிட்டனோ, நீ முடிக்க?"

ஆகவே முடிவு உங்களிடம். ஒன்று மட்டும் கேட்கிறேன்: மூன்றாம் பகுதியில் புருவத்தைப் பற்றிய அந்த அரை வரியை மறந்துவிடுங்கள். அவனுக்கு முகம் வைக்காதீர்கள். வைத்தால் யாராவது மெழுகுதிரியோடு வந்துவிடுவார்கள்.

____
* தேத்தண்ணி ஆறிவிட்டது. இருவருமே குடிக்கவில்லை.