ஆறு மைனஸ்

விடைத்தாளின் தலையில் சிவப்பு மையில் இருந்தது: "பார்த்து எழுதியது. அதிபருக்கு அனுப்பவும்." படித்ததும் அம்றாவுக்குக் காது சுட்டது.

தாள் பாடசாலை அதிபரிடம் போனால் கணிதப் பிரிவு அவ்வளவுதான். வர்த்தக வகுப்பில் தள்ளிவிடுவார்கள். ஒரு வருஷமாக இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து படித்ததற்கு மிச்சம், கள்ளி என்ற பேர்.

"நான் பாத்து எழுதல்ல சேர்."

கணித ஆசிரியர் யோகராஜ் சேர் நிமிரவில்லை. "அலகுக் காவி, வெக்டர் கணக்கு. குற்றுப் பெருக்கம் ஆறும் சரி. பக்கத்துல இருந்த கிருஷாந்திக்கும் ஆறும் சரி. குறுக்குப் பெருக்கம் அவளுக்கு ஆறும் சரி, ஒனக்கு ஆறும் பிழை. அவ தாளத் திருப்பிட்டா, ஒனக்குத் தெரியல்ல. அவ்வளவுதானே?"

"முதல் பக்கம் மட்டும் ஓசி சேர்," என்றான் பின் வாங்கில் உட்கார்ந்திருந்த றுஸ்தி.

"வாயப் பொத்துடா!" அம்றா சேரின் பக்கம் திரும்பினாள். "ஒரே திசைன்னா ஒன்னு, செங்குத்துன்னா சைபர். இதப் பாத்து எழுத நான் என்ன மோட்டுப் பிள்ளையா?"

"அப்ப பலகைக்கு வா. i குறுக்கு j."

வெண்கட்டியை வலது கையில் எடுத்தாள். i வலப்பக்கம், j மேலே என்று இரண்டு கோடு இழுத்தாள். சும்மா இருந்த இடது கையை நீட்டி, விரல்களை i-யிலிருந்து j-க்கு மடக்கினாள். கட்டைவிரல் பலகையைக் குத்திக்கொண்டு நின்றது. மைனஸ் k என்று எழுதினாள்.

வகுப்பே சிரித்தது.

"அது வலக்கை விதி, புள்ள," என்றார் சேர். "வலது கைய மடக்கினாத்தான் கட்டைவிரல் சரியான திசையக் காட்டும். வலது எதுன்னும் கிருஷாந்தியக் கேக்கணுமா?"

அம்றா தன் கைகளைப் பார்த்தாள். அவள் பிறவியில் இடக்கைக்காரி. சோற்றில் இடது கை பட்டால் உம்மா அகப்பையால் போடுவாள். பென்சிலைப் பிடித்தாலும் அதே அகப்பைதான். அடிக்குப் பயந்து வலது கை எழுதப் பழகிக்கொண்டது. பரீட்சையில் பேனா அந்தக் கையில். மடக்கிப் பார்க்க மிஞ்சியது இடது கை. ஆறு கணக்குக்கும் அதே கை. உம்மா மேல் ஆத்திரம் வந்தது, தன் மேலும் வந்தது. இந்த மனுஷன் மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது.

வெண்கட்டியை இடது கைக்கு மாற்றி, வலது கையை மடக்கினாள். கட்டைவிரல் வகுப்பைப் பார்த்தது. ஆறு விடையையும் இடது கையாலேயே எழுதித் தள்ளினாள். எழுத்துக் கோணல், விடை சரி.

"இப்ப என் தாளப் பாருங்க சேர். ஆறுலயும் குறி மட்டும் தலைகீழ். தெரியாதவ ஆறுலயும் ஒரே மாதிரிப் பிழை விடுவாளா?"

சேர் தாளைப் பலகையோடு ஒப்பிட்டார். நேரம் எடுத்தது.

"புள்ளி தர மாட்டேன். பிழை பிழைதான்."

"புள்ளி கேக்கல்ல. அது நான் விட்ட பிழை. களவு நான் செய்யல்ல."

சிவப்பு வரியை வெட்டினார். "சரி, போய் இரு."

அம்றா நகரவில்லை. "எல்லாருக்கும் முன்னாலதானே சொன்னீங்க. இதையும் எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க."

"அம்றா பாத்து எழுதல்ல," என்று மேசையைப் பார்த்து முணுமுணுத்தார்.

"பின் வாங்குக்குக் கேக்கல்ல சேர்."

யோகராஜ் சேரின் கழுத்து நரம்பு புடைத்தது. இந்த முறை சொன்னது பக்கத்து வகுப்புக்கும் கேட்டது.