வலது முன்சக்கரம்

அந்த வண்டிக்கு வீட்டில் பெயர் சக்களத்தி. வைத்தவள் மனைவி. ஆபரேஷன் தியேட்டரில் இருபது வருஷமாக நர்ஸாக நிற்பவள், எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். வீட்டுக்காரர் லீவு நாளெல்லாம் அந்தச் சக்களத்தியின் காலடியிலேயே கிடக்கிறார் என்பது அவளுடைய நிரந்தரப் புகார். புகாரில் பொய் இல்லை. ஷெட்டில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து, இரண்டு கால்களை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு மனிதர் மணிக்கணக்கில் கிடப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் கால் ஆடும், ஆள் வரமாட்டார்.

தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணாடியை மயிரிழை பிசகாமல் தேய்த்துப் பொருத்துகிறவருக்கு, வாய்த்த வண்டியும் அப்படியே வாய்த்தது. ஜப்பான்காரன் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். முப்பது வயசைத் தாண்டிவிட்டது. சிவப்பு நிறம், இரண்டே சீட், சுவிட்சைப் போட்டால் மூடியிருக்கும் முன்விளக்குகள் எழுந்து நின்று முழிக்கும். வாங்கிய புதிதில் சும்மா நிற்கும்போதே எஞ்சின் மூச்சிரைத்தது, ஏறும், இறங்கும், சட்டென்று அணைந்துபோகும். பார்த்த மெக்கானிக்குகள் எல்லாம் கையை விரித்துவிட்டார்கள். இவர் ஒவ்வொரு ரப்பர்க் குழாயாக விரலால் நெருடிக்கொண்டே போய், காற்று உறிஞ்சும் குழாய் ஒன்றின் அடிப்பக்கத்தில் நகத்தால் கீறியது போலிருந்த விரிசலைக் கண்டுபிடித்தார். அன்று வீட்டில் அவர் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! வீட்டுக்குப் பால் வாங்கிவர மறந்துபோவார், அது வேறு விஷயம். அந்த வண்டியில் எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

அன்று காலை மனைவியும் மகளும் அந்த வண்டியில்தான் கிளம்பிப் போனார்கள். மலைக்குக் கீழே இருக்கும் நகரத்துக் கல்லூரியில் மகளுக்கு நேர்காணல். வீட்டின் இன்னொரு கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. இரண்டு சீட் வண்டியில் மூன்றாவது ஆளுக்கு இடமேது? சாவியைக் கொடுக்கும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கிளட்சை மெதுவாக விடு, குளிர்ந்த எஞ்சினை விரட்டாதே என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்க, மனைவி ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

ஷேவ் செய்துகொண்டிருந்தபோது மகளிடமிருந்து செய்தி வந்தது. வலது பக்கம் முன்சக்கரத்திலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது, வேகமாகப் போனால் வேகமாக வருகிறது, இது வழக்கமாக வருவதுதானா என்று கேட்டிருந்தாள்.

வலது முன்சக்கரம். போன ஞாயிற்றுக்கிழமை அவர் பிரேக் பேடு மாற்றிய சக்கரம்.

சோப்பு நுரையோடு ஷெட்டுக்கு ஓடினார். ஏன் ஓடினார் என்று அவருக்கே தெரியாது, அங்கே வண்டியா நிற்கிறது? வெறும் தரையில் நின்றுகொண்டு ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தார். இடது பக்கம் முடித்தது ஞாபகம் இருந்தது. வலது பக்கத்தில் தேய்ந்த பேடைக் கழற்றியது, புதியதைப் போட்டது, சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் காலிபரைத் திரும்ப அதன் இடத்தில் உட்காரவைத்தது, எல்லாம் ஞாபகம் இருந்தது. அந்தக் காலிபரைப் பிடித்துக்கொண்டிருப்பவை இரண்டே போல்ட்டுகள். முதலில் இரண்டையும் கையால் திருகி வைப்பது அவர் வழக்கம். பிறகுதான் டார்க் ரெஞ்சை எடுப்பார். அது நீளமான ஸ்பேனர், வேண்டிய இறுக்கத்தை அதில் திருப்பி வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும். கையால் திருகியது வரை ஞாபகம் இருந்தது. அப்போது கடை வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார், இவர் பேசிக்கொண்டே வெளியே போனார். அதற்குப் பிறகு சக்கரத்தை மாட்டியது ஞாபகம் இருந்தது.

நடுவில் ஒன்றுமில்லை. கிளிக் இல்லை.

கையால் திருகிய போல்ட் நாலு பிரேக்குக்குத் தாங்கும், நாற்பதுக்குத் தாங்குமா? சக்கரம் சுற்றச் சுற்ற அது தளர்ந்து கழன்றால் காலிபர் பிய்த்துக்கொண்டு சக்கரத்துக்குள் அடிக்கும். பிரேக் போய்விடும், ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். அவர்கள் இந்நேரம் மலை இறக்கத்தில் இருப்பார்கள், வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டு. ஐயோ, நானே என் கையால் அனுப்பிவைத்தேனே என்று வாய்விட்டே சொன்னார்.

போனை எடுத்தவர் ஒரு கணம் தயங்கினார். என்னவென்று சொல்வது? நிறுத்து என்றால் அவள் பிரேக்கைத்தான் மிதிப்பாள்.

மகள் எடுத்தாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

"நான் சொல்றத மட்டும் செய். பிரேக்ல கால் வைக்காத. ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்துடு."

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல, ஒரு சின்ன சந்தேகம். எந்த கியர்ல இருக்க?"

நாலில் இருந்தாள். மூன்றுக்கு இறக்கச் சொன்னார். எஞ்சின் சத்தம் ஏறுவது போனில் கேட்டது. அந்தச் சத்தத்தை வைத்தே வேகம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டார், வேகம் அதிகம்தான். பின்னணியில் அந்த டிக் டிக்கும் கேட்பது போலிருந்தது, கேட்டதா, பிரமையா, தெரியவில்லை.

"முன்னால லாரி போகுது," என்றாள் மனைவி. "மெதுவாப் போறான். நெருங்கிட்டேன்."

கிளட்சை மிதித்து இரண்டாவது கியருக்குப் போ, எஞ்சின் அலறும், அலறட்டும் என்றார். அலறியது. ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான், அதன் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழு, வெடுக்கென்று இழுத்துவிடாதே, வழியில் எங்கே ஓரம் அகலமாக இருக்கிறதோ அங்கே ஒதுக்கு என்றார். மகள் "அம்மா" என்றாள். அந்த ஒற்றை வார்த்தையில் அவர் பாதி செத்துப்போனார். டயருக்கடியில் சரளைக்கல் நெரிபடும் சத்தம் வந்தது, நீண்டுகொண்டே போனது, ஓய்ந்தது.

"நின்னுடுச்சு," என்றாள் மனைவி. "இப்ப சொல்லுங்க, என்ன சந்தேகம்?"

நான் வந்து சொல்கிறேன், யாரும் வண்டியைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, டூல் பாக்ஸோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் ரேடியோ. வாடகைக்கு நாற்காலி விடுகிறவர், நல்ல மனுஷர். கேட்டதும் மறுபேச்சு இல்லாமல் வேனை எடுத்தார், எடுத்த பிறகு பேச்சை நிறுத்தவில்லை. பின்னால் நாற்காலிகள் கடகடவென்று ஆட, முன்னால் அவர் தன்னுடைய வேனின் மைலேஜ், டீசல் விலை, மருமகனின் கஞ்சத்தனம் என்று நிலையம் மாற்றி மாற்றி ஒலிபரப்பினார். கண்ணாடிக்கடைக்காரர் பாதி ஷேவ் செய்த முகத்தோடு ஒவ்வொரு வளைவிலும் சிவப்பு நிறத்தைத் தேடிக்கொண்டு வந்தார். நின்றுவிட்டது என்று காதால் கேட்டும் கண்ணால் பார்க்காமல் நம்ப முடியவில்லை.

சிவப்பு தெரிந்தது. மனைவியும் மகளும் தடுப்புச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தார்கள். முழுசாக இருந்தார்கள். கிட்டே போய் மகளின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஜாக்கியைப் போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். கழற்றிய டயரின் பள்ளத்தில் கூழாங்கல் ஒன்று சிக்கியிருந்தது. டிக் டிக் அதுதான்.

போல்ட்? டார்க் ரெஞ்சில் அளவை வைத்து மேல் போல்ட்டில் மாட்டி அழுத்தினார். இம்மி அசையவில்லை. கிளிக். கீழ் போல்ட்டிலும் அதேதான். இரண்டும் எவ்வளவு இறுக வேண்டுமோ அவ்வளவு இறுகியிருந்தன.

போன உயிர் திரும்பி வந்தது. தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது. ரேடியோகூட வாயை மூடிக்கொண்டு பார்த்தார். மனைவி பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? இந்த இரண்டு போல்ட்டையும் இறுக்காமலே விட்டுவிட்டதாக நினைத்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு என்றார்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் புரியாமல் பார்த்தாள்.

"என்னங்க சொல்றீங்க? நான்தானே லைட் பிடிச்சேன். மேல இருக்கறத நீங்க டைட் பண்ணினீங்க. கீழ இருக்கறத என்னைப் பண்ணச் சொல்லி ஸ்பேனரைக் கையில குடுத்தீங்க. கிளிக்னு கேட்டதும் கை தட்டினீங்களே."

"ஆமா ஆமா," என்றார் அவர். "பதட்டத்துல மறந்துட்டேன்."

"அதுக்கப்புறம் என்ன பேசினோம்?"

அவர் தேடினார். ஷெட் இருந்தது, அட்டை இருந்தது, இரண்டு போல்ட்டும் தன்னுடைய எண்ணெய்க் கையும் இருந்தன. அவள் இல்லை. எந்த மூலையிலும் அவள் இல்லை. கை வலிக்கிறதா என்று நான் கேட்டேன், இல்லையா என்று குத்துமதிப்பாகச் சொன்னார்.

சரியென்றோ தப்பென்றோ அவள் சொல்லவில்லை. மகளுக்குக் கேட்காதபடி குரலை இறக்கினாள். "ரொம்ப நேரம் அங்கயே உட்கார்ந்திருந்தோம். இவ படிக்கப் போயிட்டா வீடு எப்படி இருக்கும்னு பேசினோம். நீங்க அழுதீங்க."

அழுதேனா? கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் முன்னால் அவர் அழுதது அபூர்வம். அழுத மனிதனுக்கு அழுதது மறந்துபோகுமா? காலையிலிருந்து பட்ட பயத்துக்காவது ஒரு சக்கரம் இருந்தது, கழற்றிப் பார்க்க இரண்டு போல்ட் இருந்தன. இப்போது வந்த பயத்துக்கு எதைக் கழற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மனைவியைப் பார்த்தார். தன்னைவிட அவள் அதிகமாகப் பயந்துபோயிருக்கிறாள் என்பது தெரிந்தது, அதைப் பார்த்திருக்கவே கூடாது.

சக்கரத்தைத் திரும்ப மாட்டினார். ஒவ்வொரு நட்டையும் அவர் இறுக்கிய பிறகு அவளும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து, மகளை ரேடியோவின் வேனில் ஏறச் சொன்னாள். நேர்காணலுக்கு அவரே கொண்டுபோய் விடுவார், முடிந்ததும் கூட்டிவருவார் என்றாள். நீ வரலையா என்று மகள் கேட்டாள்.

"அப்பாவுக்குக் கொஞ்சம் தலை சுத்துதாம். நான் கூட இருக்கேன். நீ பயப்படாம நல்லாப் பேசிட்டு வா."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வந்து அப்பாவின் கன்னத்தில் காய்ந்திருந்த சோப்பு நுரையைத் துடைத்துவிட்டு வேனில் ஏறினாள். நாற்காலிகள் கடகடக்க வேன் இறக்கத்தில் போனது.

சாவி மனைவியிடம் இருந்தது. அவர் கேட்கவில்லை. தன்னுடைய வண்டியில் பக்கத்து சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பெல்ட்டை மாட்டினார், மாட்டியதை அவள் இழுத்துப் பார்த்தாள். வண்டியைத் திருப்பி மேட்டில் ஏற்றினாள். கிளட்சை மெதுவாகத்தான் விட்டாள். அவர் போன வாரத்து நாட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை இருந்தது. வியாழக்கிழமை பாதி இருந்தது.

வீட்டுக்குப் போகும் திருப்பம் வந்தது. அவள் திருப்பவில்லை, நேரே போனாள். எங்கே போகிறோம் என்று கேட்க வாயைத் திறந்தார். ஒருவேளை அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தால்? கேட்காமல் வாயை மூடிக்கொண்டார்.