முகம் பார்த்துப் போட்ட உப்பு

அன்று சாம்பார்தான் என்று நினைக்கிறேன். புளிக்குழம்பு என்கிறார் அழகுமலை. பரிமாறியவர் அவர், அவர் சொல்வதே சரியாக இருக்கலாம். எனக்கு நிச்சயமாக நினைவிருப்பது கையிலிருந்த புத்தகமும் அதன் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கமும்தான்.

அரசரடியில் முத்துப்பாண்டியின் ஓட்டலில் காலை இட்லி முதல் இரவு புரோட்டா வரை அடுப்பு அணையாது. ஆறு வருடங்களாக மதியச் சாப்பாட்டுக்கு முதல் ஆள் நான். கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசை. இலைக்கு வலப்புறம் புத்தகம். பேசமாட்டேன். யாரும் பேச வைத்ததுமில்லை. அந்த ஓட்டல் எனக்குப் பிடித்ததே அதனால்தான்.

எனக்கே தெரியாமல் அங்கே எனக்கு ஒரு வேலை இருந்தது. மழைக்காலத்துக் காய்ச்சலுக்குப் பிறகு, சமையல் செய்யும் செல்லத்தாய்க்கு நாக்கில் ருசியே தெரியவில்லை. முதலாளி அறிந்தால் கரண்டியை வாங்கிக்கொண்டு காய் நறுக்க உட்கார வைத்துவிடுவார் என்று பயம். பதினேழு வருடம் பிடித்த கரண்டி. விஷயம் தெரிந்தவர் அழகுமலை ஒருவர்தான். அவர் நாக்கோ புகையிலையில் மரத்தது. என்னிடம் கேட்டால் 'ம்' என்பதற்கு மேல் வராது. ஆகவே முதல் கரண்டியை என் இலையில் ஊற்றிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். சுளித்தால் உப்புக் கூடுதல், தொங்கினால் குறைவு. மூன்று மாதம் அப்படியே ஓடியிருக்கிறது.

அன்று இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு நாய் செத்தது.

அழகுமலை உள்ளே ஓடினார். குழம்பில் இரண்டு கை உப்பு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் நாலு மேசையிலிருந்து சத்தம். முத்துப்பாண்டி கல்லாவை விட்டு எழுந்தார்.

அழகுமலை என்னிடம் குனிந்தார். "என்ன சார், மூஞ்சி அம்புட்டுத் தொங்குச்சே! உப்புக் கம்மின்னுதான?"

"நாய் செத்துப்போச்சு."

"எந்த நாய்?" மேசைக்கு அடியில் பார்த்தார்.

"புத்தகத்துல."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். "போச்சு சார். இன்னைக்கு அக்கா கரண்டி போச்சு."

முத்துப்பாண்டி சமையற்கட்டை நெருங்கிவிட்டார். நான் எச்சில் கையோடு எழுந்தேன். "அண்ணே, நான்தான் உப்புப் போடச் சொன்னேன்."

அவர் நின்றார். "ஏப்பா அழகுமலை, சார் பேசுவாரா? எங்கிட்டச் சொல்லவே இல்ல!"

உள்ளேயிருந்து செல்லத்தாய் வந்தார். "சார் பொய் சொல்றாருண்ணே. எனக்குத்தான் ருசி தெரியல. மூணு மாசமா அவரு மூஞ்சியப் பாத்துத்தான் உப்புப் போடுறேன்."

நாலு மேசைச் சத்தமும் நின்றது. மௌனம் எனக்குப் பிடிக்கும். அந்த மௌனம் பிடிக்கவில்லை.

முத்துப்பாண்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மூஞ்சியவா? இதுல என்ன தெரியும்?" யாரோ சிரித்தார்கள். "மூணு மாசமா ஒரு பய குறை சொல்லலையே, செல்லத்தாயி! போ, உருளைக்கெழங்கப் போட்டுக் கொதிக்க விடு. சார், நாளையிலருந்து பதினோரு மணிக்கு வந்துருங்க. அடுப்படியில நின்னு வாயத் தொறந்து சொல்லணும். அங்க புத்தகம் ஆகாது."

செல்லத்தாய்க்குச் சித்திரையில் ருசி திரும்பியது. முதலில் தெரிந்தது பெருங்காயம். கரண்டி அவரிடம்தான் இருக்கிறது. அழகுமலை பரவை மார்க்கெட்டுக்கு எதிரே சொந்தமாக டீக்கடை போட்டிருக்கிறார்; புகையிலையை விடவில்லை. முத்துப்பாண்டி அதே கல்லாவில். வரவேண்டாம் என்று யாரும் சொல்லாததால் நான் இன்னும் பதினோரு மணிக்குப் போகிறேன். அந்தப் புத்தகத்தை இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு மேல் படிக்கவில்லை.