கல்லு மந்திரி

எழுந்ததும் போர்வையை மடித்தான். பல் தேய்த்தான், குளித்தான். காப்பி போட்டு அடுப்பருகே நின்றபடியே குடித்தான். ஒரே ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டான். கேஸை மூடினான், படியிறங்கப் போனவன் திரும்பி வந்து, மூடியிருக்கிறதா என்று மறுபடியும் பார்த்தான். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு வந்தான்.

தெரு சரிவானது. வாசலில் மேட்டைப் பார்த்து நிற்கும் அந்தப் பழைய காரின் பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு கருங்கல். கல்லைச் சுற்றி ஒரு கயிறு. கயிற்றின் மறுநுனி டிரைவர் பக்கத்துக் கதவிடுக்கில் சிக்கியிருக்கும். உள்ளே உட்கார்ந்து கயிற்றை மடியில் போட்டுக்கொண்டான். சோக்கை இழுத்தான். ஆக்சிலேட்டரை இரண்டு தடவை மிதித்துச் சாவியைத் திருப்பினான். வண்டி இருமிச் செத்தது. மறுபடியும் இருமிப் பிடித்துக்கொண்டது. சூடேறுகிற வரை வலது காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்க முடியாது, எடுத்தால் அணைந்துவிடும். அந்தக் கால் அங்கே இருந்தால் பிரேக்குக்குக் கால் கிடையாது. ஹேண்ட்பிரேக் முழங்கை உயரத்துக்கு வரும், எதையும் பிடிக்காது. கியரில் போட்டாலும் நழுவும். ஆகக் கூடி, அந்தச் சரிவில் வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது கல்தான். சூடேறியதும் ஒரு முழம் முன்னால் நகர்த்தி, கதவைத் திறந்து கயிற்றை இழுத்தான். கல் தடதடவென்று உருண்டு வந்தது. தூக்கிப் பின்சீட்டுக்குக் கீழே போட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, வரைபடம் சரிபார்க்கும் தன் அலுவலகத்துக்குப் போனான்.

கயிறு அவன் தனியாளான பிறகு வந்த ஏற்பாடு. அதற்கு முன்னால் கயிறு தேவைப்படவில்லை. ஓட்டுவது அவன் மனைவி. கல் இவன் பொறுப்பு. அவள் ஆக்சிலேட்டரை மிதித்தபடி கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டினால், இவன் குனிந்து கல்லை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்து ஏற வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு மழைநாளில், கல்லோடு சேர்ந்து சேற்றில் விழுந்து எழுந்து வந்து உட்கார்ந்தவனுக்கு அவள் வைத்த பெயர், கல்லு மந்திரி. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்: "எல்லா மந்திரிக்கும் கார் குடுப்பாங்க. இவருக்குக் கல்லு குடுத்திருக்கோம்."

கார் அவள் அப்பா வாங்கியது. அவள் ஓட்டப் பழகியதும் அதில்தான். அதை விற்கச் சொன்னவர்களோடு அவள் இரண்டு நாள் பேச மாட்டாள். அதற்கான சாமான்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். நான்கு சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர், புது ஸ்பிரிங், முன்பக்கத்துக்கு டிஸ்க் பிரேக், பின்பக்க டிரம்முக்கு எல்லாமே புதிது. எதையும் உடனே மாட்ட விடவில்லை. பிரேக்கை மட்டும் மாற்றினால் வண்டி மூக்கைக் குத்தும், ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் வேகமாய்ப் போகும், நிற்காது, எல்லாம் சேர்ந்து வரட்டும் என்பது அவள் கட்சி. கடைசியாக வர வேண்டியிருந்தது என்ஜினுக்கான கன்ட்ரோல் பெட்டி. கார்புரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, இதே வண்டியின் பிந்தைய மாடலிலிருந்து பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் செட்டை ஒயரோடு வாங்கச் சொல்லியிருந்தாள். அது வந்தபோது அவள் மூளையில் ரத்தம் கசிந்து இறந்து ஒரு வாரமாகியிருந்தது. பார்சல்காரர் வாசலில் நின்று, மேடம் இருக்காங்களா என்றார். இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கி, மற்ற பெட்டிகளோடு தள்ளி வைத்தான். வீடு கூட்டும்போதெல்லாம் துடைப்பம் அதில் இடிக்கும்.

அத்தை, அவளுடைய அம்மா, ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். சாப்பிட்டாயா, துணி துவைத்தாயா, மாமாவுக்குக் கால்வீக்கம் வடியவில்லை, இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ஒரே இடத்தில் நிற்பாள். அவ கடைசியா ஏதாவது சொன்னாளா? இவன், இல்ல அத்தை, மயக்கத்துலயே இருந்தா என்பான். ஆஸ்பத்திரி வராந்தாவில் முதல்முறை கேட்டபோது வாயில் வந்த பதில் அது. ஒரு தடவை சொன்னதை அப்புறம் மாற்ற முடியவில்லை. அத்தை சொல்வாள்: "போகட்டும். நீ பக்கத்துல இருந்தியே. கையப் பிடிச்சிருந்தது அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவன் பக்கத்தில் இல்லை. கையைப் பிடிக்கவும் இல்லை. அத்தை அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் வாரத்தை ஓட்டுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். அதை அவளிடமிருந்து எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. அதைச் சுமக்கவும் தெம்பு குறைந்துகொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால், எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் சுவரில் சாய்ந்து நிற்கப் பழகியிருந்தான்.

ஒருநாள் அத்தை வேறொன்று சொன்னாள். மகள் ஆசைப்பட்டபடி அந்தக் காரைச் சரி பண்ணி, ஒரே ஒரு தடவை தன்னை உட்கார வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். இவன் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டிகளையெல்லாம் இழுத்து வெளியே எடுத்தான். தூசு பறந்தது. தும்மினான்.

மெக்கானிக் இவன் வயதுக்காரன். வாய் ஓயாது. மனைவிக்கும் அவனுக்கும் எப்போதும் சண்டைதான்; அவள் கொண்டுவந்த ஒவ்வொரு சாமானையும் அவன் குறை சொல்வான், பிறகு அதையே மாட்டுவான். இப்போது பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மேடம் சரியாத்தான் வாங்கியிருக்காங்க என்றான். அவன் வாயிலிருந்து அது வருவது இதுதான் முதல் தடவையாக இருக்கும். கன்ட்ரோல் பெட்டியைக் கையில் எடுத்து, "இதுதான் சார் வண்டிக்கு மூளை. இது கெட்டா எல்லாம்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டு, துணியால் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தான். துடைக்க அதில் ஒன்றுமில்லை. பரவாயில்லை, சொல்லுங்க என்றான் இவன்.

வேலை நாள்கணக்கில் இழுத்தது. அலுவலகம் விட்டு வரும் வழியில் இவன் பட்டறையில் எட்டிப் பார்ப்பான். முதலில் வண்டி சக்கரமில்லாமல் நான்கு முட்டுகளின்மேல் நின்றது. துருப்பிடித்த பழைய ஸ்பிரிங்குகள் சுவரோரம் கிடந்தன. பிறகு சக்கரங்கள் வந்தன. முன்சக்கரத்தின் இடுக்கில் பளபளவென்று டிஸ்க் தெரிந்தது. சோக் குமிழ் இருந்த இடத்தில் ஒரு துளை மட்டும் மிஞ்சியிருந்தது.

பிரேக்குக்கு எண்ணெய் ஊற்றிக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். அன்று பட்டறையில் வேறு ஆள் இல்லை. மெக்கானிக் இவனை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னான். மிதிங்க, பிடிங்க, விடுங்க, அவ்வளவுதான் சார், கல்யாணம் மாதிரி என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு சக்கரத்துக்கு அடியில் புகுந்தான். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. மிதிங்க. பிடிங்க. ஸ்பேனர் திரும்பும்போது பெடல் காலுக்கடியில் மெல்ல அமிழ்ந்தது. விடுங்க. மிதிங்க. பிடிங்க. நடுவில் யாரோ வாசலில் கூப்பிட, மெக்கானிக் எழுந்து போய்விட்டான். விடுங்க என்று சொல்லவில்லை. இவன் பிடித்துக்கொண்டே இருந்தான். கெண்டைக்கால் நடுங்கியது. விட்டால் காற்று உள்ளே போய்விடுமோ என்று ஒரு பயம். அந்தப் பயம் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. பல மாதங்களாக அவன் எதற்கும் பயப்படவில்லை. மெக்கானிக் திரும்பி வந்து எட்டிப் பார்த்து, அப்பவே இறுக்கிட்டுத்தானே போனேன், இன்னுமா பிடிச்சிட்டிருக்கீங்க என்றான்.

வண்டி தயாரான நாளன்று இவன் பின்கதவைத் திறந்து பார்த்தான். தரை சுத்தமாகக் கூட்டப்பட்டிருந்தது.

"கல்லு எங்க?"

"எந்தக் கல்லு சார்?"

"பின்னாடி இருந்தது. கயிறு கட்டி."

மெக்கானிக் பெருமையாகச் சிரித்தான். "அதெல்லாம் இனிமே எதுக்கு சார்? செங்குத்தா நிறுத்துங்க, அசையாது. சோக் வேண்டாம், ஆக்சிலேட்டரத் தொட வேண்டாம். சாவியத் திருப்புனா அதுவே பாத்துக்கும்."

எனக்கு அந்தக் கல்லு வேணும் என்றான் இவன். குரல் உயரவில்லை. ஆனால் மெக்கானிக்கின் சிரிப்பு நின்றுவிட்டது. பட்டறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். அங்கே என்ஜின் இறக்கிய ஒரு வேன் சரிவில் நின்றிருந்தது. அதன் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்தது அந்தக் கல். கயிறு அறுக்கப்பட்டிருந்தது, கயிறு தேய்த்த தடம் மட்டும் கல்லின் இடுப்பில் வெளுத்துக் கிடந்தது. நல்ல கல்லு சார், வேற எதுவும் இப்படி உக்காரல என்றான் மெக்கானிக், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. இருவரும் ஒரு மரக்கட்டையைத் தேடி எடுத்தார்கள். மெக்கானிக் வேனை முதுகால் தாங்கிக்கொள்ள, இவன் குனிந்து கல்லை உருவி எடுத்துக் கட்டையைச் சொருகினான். பிறகு கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு காருக்கு வந்தான். சட்டையில் கறுப்பாக ரப்பர் அப்பிக்கொண்டது. மெக்கானிக் முன்னால் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனான். அந்த வீடும் மேட்டில்தான். மாமா கால்வீக்கத்தோடு திண்டாடி வாசல்வரை வந்து, பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, என்னென்னமோ ஒயரா இருக்கு என்று உள்ளே போனார். அத்தை முன்சீட்டில் உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகிறவள் போல. சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் பிடித்துக்கொண்டது. கடைத்தெரு, பள்ளிக்கூட மதில், ரயில்வே கேட் என்று சுற்றினார்கள். தண்டவாளத்தைத் தாண்டும்போது முன்பெல்லாம் பல்லோடு பல் மோதும்; இப்போது மெத்தையில் உட்கார்ந்து எழுந்தாற்போல இருந்தது. அத்தை டாஷ்போர்டைத் தடவிக்கொண்டே வந்தாள். ஒரு நாய் குறுக்கே வர, இவன் பிரேக்கைத் தொட்டான். வண்டி கோடு கிழித்தாற்போல நின்றது. அத்தை அதைப் பார்த்துத் தலையாட்டினாள். அவ இருந்திருந்தா ஆடித் தீர்த்திருப்பா என்றாள்.

வீட்டு வாசலில், மேட்டைப் பார்த்து நிறுத்தினான். ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். பாதியிலேயே கடகடவென்று பிடித்து நின்றது. என்ஜினை அணைத்தான். பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தான். கார் இம்மியும் அசையவில்லை. காத்திருந்தான். அப்போதும் அசையவில்லை. பிறகு பின்னால் கைநீட்டிக் கல்லை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய், பின்சக்கரத்துக்கு அடியில் வைத்து, காலால் ஒரு தட்டு தட்டிப் பொருத்தினான்.

அத்தை இறங்கி வந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் மாத்தியாச்சுன்னியே. இன்னும் எதுக்குப்பா கல்லு?"

அவன் குந்தியபடியே இருந்தான். ஆஸ்பத்திரி வாசலும் இப்படித்தான் சரிவாக இருந்தது. காலையில் மனைவி தலைவலி என்றாள், இப்படி வலித்ததே இல்லை என்றாள். அன்றைக்கு இவன்தான் ஓட்டினான். சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு தானே ஏறி உட்கார்ந்தாள். தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்தாள். அவள் சொன்னபடி இவன் வண்டிக்கு ஓடினான். திரும்பி வந்தபோது நாற்காலி வராந்தாவில் காலியாக நின்றது, உள்கதவைச் சாத்தியிருந்தார்கள்.

"அத்தை, அவ மயக்கத்துல இல்ல," என்றான் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு. "நான் பக்கத்துலயும் இல்ல."

அத்தை பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். நகரவில்லை. மேட்டிலிருந்து ஒரு சைக்கிள் பெடல் மிதிக்காமலே இறங்கி அவர்களைத் தாண்டிப் போயிற்று. பிறகு அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, அவன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தாள். என்ன சொன்னா, என்றாள்.

அவன் சொன்னான். அவள் சொன்ன மாதிரியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்.

"மந்திரி, கல்லு வச்சியா? போய்ப் பாத்துட்டு வா. நான் எங்க போயிடப் போறேன்."