சம்மதக் கையெழுத்து

பொன்னாடை போர்த்த நின்ற வரிசையில் என் கையில் மட்டும் வக்காலத்துத் தாள் இருந்தது. சங்கரலிங்கம் சார் அரசாங்கத்தின் பெரிய வக்கீலாகிவிட்டாராம். சங்கரன்கோவில் முழுக்க விளம்பரத் தட்டிகள், கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. நான்கு வருடமாக நான் அவருடைய ஜூனியர். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவள். கறுப்பு கவுனை மாட்டியதும் நியாயம் கைக்கு வந்துவிட்டதாக நினைத்த முட்டாளும் நான்தான்.

எங்கள் கட்சிக்காரர் இசக்கிராஜா அண்ணாச்சி ஊரின் மேய்ச்சல் நிலத்தை அரசாங்கம் ஒரு சோலார் கம்பெனிக்குக் கொடுத்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர் சார். இப்போது அந்த அரசாங்கமே அவர்தான். திங்கட்கிழமை மதுரை ஹைகோர்ட்டில் விசாரணை. ஆட்சேபணை இல்லை என்று அவர் கையெழுத்துப் போட்டால் நான் ஆஜராகலாம். பத்து நாளாக அலையவிடுகிறார்.

மேடையில் தாளை நீட்டினேன். கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, "போடுதேன் சுகிர்தா. கேஸ் கட்ட மொதல்ல வீட்டுக்கு அனுப்பு" என்றார்.

அந்தக் கேஸ் கட்டுக்குள், நிலம் ஊருடையது என்று காட்டும் பழைய சர்வே பதிவேட்டின் நகல் இருக்கிறது. மூலம் செல்லரித்துப் போனது. மிச்சம் அது ஒன்றுதான்.

"அது அவங்க கட்டு சார். நீங்க இப்போ எதிர்த்தரப்பு."

"ஏட்டி, எனக்கே சட்டம் சொல்லித் தாரியா? மதுரையில என் டீம்ல ஒன் பேரச் சொல்லி வச்சிருக்கேன். கோட்டி மாதிரிப் பேசாத."

"மேடம், கொஞ்சம் சிரிங்க" என்றான் போட்டோகிராபர்.

ஒரு நொடி அந்த மதுரை வேலைமேல் எனக்கு ஆசை வந்தது. அதைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

வெளியே செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் இசக்கிராஜா நின்றிருந்தார்.

"போட்டாராம்மா?"

"இல்ல அண்ணாச்சி. கட்டக் கேக்காரு."

"நம்ம வீட்டுக் கெடாக்கறியில எலும்பக்கூட விடாத மனுசன்லா. கையெழுத்து இல்லாம போவ முடியாதா?"

"கேட்டேன், தரலன்னு ஜட்ஜுக்கு எழுதிக் குடுக்கலாம். அவரு பேரப் போட்டு. அதுக்குப் பொறவு இங்கன ஒருத்தனும் என்னை ஆபீசுல சேக்க மாட்டான்."

நான் பேனாவையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்துக்கொண்டு மேசை தேடியதும், அவர் சட்டென்று குனிந்து முதுகைக் காட்டினார்.

"எழுதும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நிமிருங்க அண்ணாச்சி!"

நிமிரவில்லை. சட்டைக்கடியில் முதுகெலும்பு மேடுமேடாக இருந்தது. உள்ளே மைக்கில் யாரோ சாரின் ஏழ்மையான இளமையைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். அழுத்தி எழுதியதில், சாரின் பெயர் பாதியில் இருக்கும்போதே தாள் கிழிந்தது.

"வேற தாள் இருக்கா?" என்றார் குனிந்தபடியே.

பைக்குள் கையை விட்டேன். அவர் கால்களை அகட்டி, இன்னும் நன்றாக ஊன்றிக்கொண்டார்.