ஏழு வெள்ளி வட்டங்கள்

மணி ஒன்று பத்து. ஆம்பூர் ஷூ கம்பெனி கேட்டில் ஜெபராணி மூச்சு வாங்க நின்றாள். கையில் ஒரே ஒரு பிரிண்ட். நர்ஸ் வேலை கேட்டு அவள் எழுதிய ஆங்கிலக் கடிதம். நான்கு மணிக்குள் அது அயர்லாந்து ஆஸ்பத்திரிக்கு மெயிலில் போயாக வேண்டும்.

“இன்னாங்க, சீக்கிரம் பாருங்க. தப்பிருந்தா மொத பார்வையிலயே கழிச்சிடுவாங்களாம். ஏஜென்ட் சொன்னாரு.”

அவள் புருஷன் நத்தானியேல் சாப்பாட்டு டப்பாவை மூடினான். ஷூ தைக்கும் மாட்டுத் தோலில் உண்ணிக்கடி, முள் கீறல் எங்கிருந்தாலும் வெள்ளி மைப் பேனாவால் வட்டம் போடுவது அவன் வேலை. ஷூ பெட்டி லேபிளில் ஆங்கிலம் பார்ப்பதும் அவனேதான். எழுத்தின் தோளில் தொங்கும் குட்டிக் கொக்கி, அந்த அபாஸ்ட்ரபி, ஒன்று குறைந்தாலும் லேபிளைத் திருப்பி அனுப்பிவிடுவான்.

படித்தான். பன்னிரண்டு வருட நர்ஸ் வேலையை அழகாகத்தான் எழுதியிருந்தாள். ஆனால் கொக்கி வேண்டிய இடத்தில் இல்லை; வேண்டாத இடத்தில் தொங்கியது. கமாக்களோ இஷ்டத்துக்கு இறைந்து கிடந்தன. பழக்க தோஷம், கை தானாக ஏழு வட்டம் போட்டது.

தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். “ஒண்ணுமே இல்லியே! அப்ப அனுப்பிடறேன்.”

வெள்ளைத் தாளில் வெள்ளி மை தெரியவில்லை!

நத்தானியேலுக்குச் சட்டென்று ஒரு நினைப்பு வந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இவள் போகமாட்டாள். காண்ட்ராக்ட் ரெண்டு வருஷமும் ஸ்கூட்டரின் பின் சீட் காலியாக இருக்காது.

ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

பிழை தெரிந்தும் ‘பாஸ்’ என்று ஒரு தோலைக்கூட அவன் விட்டதில்லை.

“ராணி! எறங்கு! பேப்பர வெயில்ல சாய்ச்சிப் பாரு!”

சாய்த்தாள். ஏழும் பளிச்சென்று மின்னின. எண்ணி முடித்து நிமிர்ந்தாள்.

“சொல்லாம வுட்டிருக்கலாமே. நான் போறது உங்களுக்குப் பேஜாராச்சே?”

“பேஜார்தான். அதுக்காக ரிஜெக்ட் ஆயி வூட்ல குந்தியிருப்பியா? போ. அங்கேர்ந்து லீவு போட்டு வந்து பாரு.”

“இத வூட்ல ஒருவாட்டி சொல்லியிருந்தா இன்னாவாம்? ஒரு மாசமா மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு…”

“சரி சரி, சைரன் ஊதப் போவுது. மொதல்ல இதுல கொக்கியப் போடு, அப்புறம் கம்ப்யூட்டர்ல திருத்தி அனுப்பு.”

டப்பா மூடியை மேசையாக்கி இருவரும் கேட் ஓரமாகக் குந்தினார்கள். அவன் தொட்டுக் காட்டிய இடத்தில் தன் நீலப் பேனாவால் முதல் கொக்கியைப் போட்டாள். கோணலாகத்தான் விழுந்தது.

அதற்கு மட்டும் அவன் வட்டம் போடவில்லை.